ரோசாக்களைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த நாட்களில் யாருக்குச் சம்பந்திமார் அதிகம் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், வீடு நிறையப் பெண்களைப் பெற்றவர்கூட இரண்டாவதாகத்தான் வந்திருப்பார். முதலாவது பரிசு ஒரு கட்டைப் பிரமச்சாரிக்குப் போயிருக்கும். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில் தொடங்கி, கிருலப்பனை வரைக்கும், அங்கிருந்து ஒரு தாவாகத் தாவிக் கொட்டாஞ்சேனை வரைக்கும் அவருக்குச் சம்பந்தி வீடுகள் இருந்தன. மனைவி இல்லை, மகன் இல்லை, மகள் இல்லை. சொந்தமென்று சொல்ல ஒரு பூனைகூட இல்லை. இருந்ததெல்லாம் ஒரு ரோசாச் செடி.

அவருடைய உண்மைப் பெயர் பொலிசுக்குத் தெரியும். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர் எல்லாருடைய பெயரும் பொலிசுக்குத் தெரியும். எங்களுக்கு அவர் சம்பந்திதான். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஸ்டோர்ஸ் பார்த்தார். மெலிந்து உயர்ந்த மனிதர். கொழும்பு வெக்கையில் மற்றவர்கள் சேர்ட்டைக் கழற்றி எறிய இடம் தேடும்போது, அவர் மணிக்கட்டு வரை பொத்தான் பூட்டிய முழுக்கைச் சேர்ட்டோடு திரிவார். முள்ளுக்காக. பேனை குத்துகிற பொக்கற்றில் செடி வெட்டுகிற கத்தரி நிற்கும். சோதனைச் சாவடியில் அதைக் காட்டி விளங்கப்படுத்த நேரம் வேண்டுமென்று காலையில் கொஞ்சம் முன்கூட்டியே வேலைக்குப் புறப்படுவார்.

ரோசா வளர்க்க ஆசைப்படாதவர் கொழும்பில் குறைவு. வளர்த்துக் காட்டியவர் அதைவிடக் குறைவு. நுவரெலியாவிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று, கடற்காற்று பட்ட முதல் மாதமே முகம் வாடும். அடுத்த மழைக்கு இலையில் கரும்புள்ளி விழும். பிறகு இலை மஞ்சளாகும், கொட்டும், கடைசியில் சாடிக்குள் ஒரு முள்ளுத் தடி மட்டும் நிற்கும். அதில் சனம் கைதுடைக்கிற துணியைக் காயப்போடும்.

சம்பந்தியின் ரோசா வேறு சாதி. மலைநாட்டுத் தோட்டமொன்றில் துரையின் பங்களாவிலிருந்து பிடுங்கி எறிந்ததாம். கடையில் கூட வேலைசெய்த ஒருவர், எறிகிறதைத்தானே கொண்டுபோகிறோம் என்று ஒரு பால்மா டின்னில் வைத்துக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்திருக்கிறார். அந்தச் செடிக்குப் புள்ளி என்றால் என்னவென்று தெரியாது. பூஞ்சணம் தெரியாது, உப்புக்காற்று தெரியாது. ஒரு கிழமை, ஏழு நாளும் விடாமல் மழை அடித்தாலும் இலை எண்ணெய் தடவினதுபோல மினுங்கிக்கொண்டிருக்கும். பூ விரியும்போது நல்ல மஞ்சள். பிறகு செம்மஞ்சள். உதிரப்போகும் நேரம் கடும் ரோஸ் நிறம். செடியில் எந்த நாளும் மூன்று நிறமும் ஒன்றாக நிற்பதால், புதிதாகப் பார்க்கிறவர்கள் ஒரு சாடிக்குள் மூன்று கன்று நட்டிருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அவர் அதற்கு வைத்த பெயர் சுகதேகி.

"ஒருநாள் வருத்தமெண்டு படுத்ததில்லை" என்பார். அதைச் சொல்லும்போது பக்கத்தில் இருமிக்கொண்டு நிற்பவரை ஒரு பார்வை பார்ப்பார்.

இப்படி ஒரு செடியைக் கண்டால் சனம் சும்மா இருக்குமா? ஒரு தடி வெட்டித் தாங்கோ என்று கேட்காத ஆள் இல்லை. சாதாரணமாக ரோசாத் தடி கேட்டால் ஒன்றில் தருவார்கள், இல்லையென்றால் மழுப்புவார்கள், அதுவும் இல்லையென்றால் ஆள் இல்லாத நேரம் பார்த்து நாங்களே முறித்துக்கொண்டு வருவோம். இவர் ஒரு புதுவழி வைத்திருந்தார். "சரி, வந்து பார்க்கிறன்" என்பார். பார்க்கிறதென்றால், மகளைக் கொடுக்கப்போகிற தகப்பன் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கிறதுதான்.

எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வீடென்ன வீடு, மேல்மாடியில் வாடகைக்கு எடுத்த ஓர் அனெக்ஸ், முன்பக்கம் கைக்குட்டையளவு பல்கனி. வேட்டி சால்வையோடு, கையில் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு வந்து நின்றார். நான் கதிரையை இழுத்துப்போட்டேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்காமல் நேரே பல்கனிக்குப் போனார்.

"காலமை வெயில் எத்தினை மணி மட்டும் நிக்கும்?"

"ஒரு பத்து, பத்தரை மட்டும்."

"பத்தோ, பத்தரையோ?"

என் சொந்தக் கலியாணப் பேச்சில்கூட என்னை எவரும் இப்படி மறித்துக் கேட்கவில்லை. "பத்தரை" என்றேன்.

"உந்தக் கொடியில காயிறது ஆற்ற உடுப்பு?"

"எங்கட தான்" என்றாள் என் மனைவி.

"சோப்புத் தண்ணி வடியுமே?"

"நல்லாப் பிழிஞ்சுதான் போடுறனாங்கள்."

"நீங்கள் பிழியிறனீங்களோ, அவர் பிழியிறவரோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். கொடியைப் பின்பக்கம் மாற்றுவதாக வாக்குக் கொடுத்தோம். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, வெள்ளவத்தையில் எவரும் எவரிடமும் நேருக்கு நேர் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"கனடா அலுவல் ஏதும் பாக்கிறியளோ?"

அந்த நாட்களில் வெள்ளவத்தையில் பாதிச் சனம் இருப்பதற்காக இருக்கவில்லை, போவதற்காக இருந்தது. லொட்ஜில் அறை எடுத்தவர், சொந்தக்காரர் வீட்டு ஹோலில் பாய் விரித்தவர், எல்லாருக்கும் ஏதோ ஒரு தூதரகத்தில் ஓர் அலுவல் கிடந்தது. சரிவந்தால் சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிடுவார்கள். மறுநாள் அந்த அறைக்கு வேறு குடும்பம் வரும். சம்பந்தி தன் முதல் இரண்டு கன்றையும் அப்படிப்பட்ட வீடுகளில்தான் கொடுத்திருந்தார். இரண்டும் பூட்டிய வீட்டுப் பல்கனியில் தண்ணீர் இல்லாமல் காய்ந்து செத்தன. எந்த நோயும் தொடாத செடி, ஆள் இல்லாமல் செத்தது.

"இல்லை" என்றேன். பொய்யில்லை. எங்களைக் கூப்பிட அங்கே எங்களுக்கு எவரும் இல்லை.

"அது காணும்." இப்போதுதான் கதிரையில் இருந்தார். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமினார். "ஒரு குறை இருக்கு. பிறகு மறைச்சுக் கட்டித் தந்திட்டான் எண்டு கதை வரப்படாது. வாசம் கொஞ்சம் குறைவு."

"அது பரவாயில்லை" என்றாள் மனைவி. "குணம் நல்லா இருந்தாக் காணும்."

அன்று தொடக்கம் என் மனைவி சொன்னால் அவருக்கு வேதவாக்கு. என்னை மட்டும் கடைசிவரை கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

கன்று ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் வந்தது, பால்மா டின்னுக்குச் சிவப்புப் பட்டுத்துணி சுற்றி. பலகாரம் நாங்கள்தான் சுடவேண்டியிருந்தது. வாசலிலே நின்று "சம்பந்தி, பிள்ளையைக் கவனமாப் பாருங்கோ" என்றார். கன்று எடுத்த வீட்டுக்காரர் எல்லாரையும் அப்படித்தான் அழைப்பார், அதுவும் நீங்கள் நாங்கள் என்று மரியாதையாக. நாங்களும் பதிலுக்குச் சம்பந்தி என்றோம். கடைசியில் கன்று எடுக்காதவர்களும் சந்தையில் நின்று "அங்க சம்பந்தி போறார்" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

கட்டிக்கொடுத்ததோடு கைகழுவுகிற தகப்பன் அல்ல அவர். மாதத்தில் ஒருநாள் ஒவ்வொரு வீட்டுக்கும் வருவார். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார், மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார், "பிள்ளை கொஞ்சம் மெலிஞ்சிட்டுது" என்று வீட்டுக்காரியின் முகத்தைப் பார்ப்பார். வரும்போது கையில் ஒரு போத்தல் இருக்கும். மீன் தலையும் குடலும் ஊறவைத்துப் புளித்த தண்ணி. பிள்ளைக்குச் சத்தாம். அந்தப் போத்தலோடு அவர் பஸ்ஸில் ஏறினால் முன்னுக்கும் பின்னுக்கும் ஆசனம் காலியாகும். ஒருமுறை சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் சம்பந்தியை எவரும் மறிக்கவில்லை. தூரத்தில் கண்டவுடனேயே கையைக் காட்டிப் போகச்சொல்லிவிடுவார்கள்.

இப்படி ஊர் முழுக்கச் சம்பந்திமார் இருந்தாலும், உண்மையான சம்பந்திச் சண்டை நடந்தது இராசமணி மாமியோடுதான். மாமி எங்கள் கீழ்வீடு. பிள்ளைகள் இலண்டனில், அவர் இங்கே தனிய, பிள்ளையார் துணை. விடியற்காலையில் மாமி பூக்கூடையோடு இறங்கினால் ஒழுங்கையில் ஒரு மதிலிலும் பூ மிஞ்சாது. சாமிக்குப் பறிக்கிற பூ களவில்லை என்பது மாமியின் கட்சி. யாரும் கேட்டால், "பிள்ளையார் கேக்கிறார், நீ ஆரடா மறிக்க?" என்பார்.

அப்படிப்பட்ட மாமிக்கு எப்படியோ ஒரு கன்று கிடைத்துவிட்டது. முதல் பூப் பூத்த வெள்ளிக்கிழமையே அவ்வளவையும் பறித்துப் பிள்ளையாருக்கு மாலை கட்டிவிட்டார். அன்று பின்னேரம் சம்பந்தி வந்தார். மொட்டையாக நின்ற செடியைக் கண்டார். சாடியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"எங்க கொண்டுபோறியள்?" என்று மாமி வழியை மறித்தார்.

"பிள்ளையைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"கட்டிக் குடுத்த பிள்ளையை ஆர் திருப்பிக் கொண்டுபோறது? உது எந்த ஊர் முறை?"

"கொடுமை நடந்தா எந்த ஊரிலயும் கொண்டுபோகலாம்."

ஒழுங்கை இரண்டாகப் பிரிந்தது. கடவுள் பக்கம் பாதி, ரோசாப் பக்கம் பாதி. கடைசியில் மாமி என் மனைவியைக் கூட்டிக்கொண்டு, தட்டில் பலகாரத்தோடு, பிரிந்துபோன மருமகளை அழைக்கப் போவதுபோலச் சம்பந்தியின் அறைக்குப் போனார். பேச்சுவார்த்தை நீண்டது. மூன்று நிறமும் ஓடி முடிந்த பூவை மட்டும் பறிக்கலாம் என்று தீர்ப்பானது.

"அப்ப பிள்ளையாருக்கு வாடினதோ?" என்றார் மாமி.

"பிள்ளையாருக்கு அவசரமில்லை. உங்களுக்குத்தான் அவசரம்."

அதற்குப் பிறகு இருவரும் நேரே முகம் பார்த்துக் கதைப்பதில்லை. ஆனால் மாமியின் சாடியில் செடி மற்ற எல்லா வீட்டையும்விடச் செழித்தது. சம்பந்திக்கு மூக்குடைக்கத்தான் அப்படி வளர்க்கிறார் என்று நான் நினைத்தேன்.

இந்தக் கதையில் வரவேண்டிய இன்னொரு சம்பந்தி கொட்டாஞ்சேனை அந்தோனி. துறைமுகத்தில் வேலை. வீட்டு முற்றத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கன்றை வைத்திருந்தார். அதனால் அந்தோனியின் வீட்டை மட்டும் சம்பந்தி அதிகம் சோதிப்பதில்லை, மாதா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார். அந்தோனிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மனிதர் உதவி கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அதுதான் வினையாகிப்போனது.

வெள்ளவத்தையிலும் சுற்றுப்புறத்திலும் பிளட்ஸ் என்று அடுக்குமாடிகள் கட்டத் தொடங்கிய காலம் அது. சம்பந்திமார் சிலர் மூன்றாம் நாலாம் தட்டுகளுக்குக் குடிபோனார்கள், செடியும் மேலே போனது. வாசலில் காவல்காரன். மாதாமாதம் மீன் தண்ணிப் போத்தலோடு வந்து நிற்கிற ஆளை அவன் எப்படி லிஃப்டில் ஏற்றுவான்? சம்பந்தி சில நாள் யோசித்தார். பிறகு அந்தோனியிடம் போய் ஒரு பைனாகுலர் கேட்டார். அந்தோனி யாரோ ஒரு கப்பற்காரனிடம் வாங்கிக் கொடுத்தும்விட்டார்.

அன்று முதல் சம்பந்தி வேலைமுடிந்து வந்து எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்பார். தலையை அண்ணாந்து, பைனாகுலரைக் கண்ணில் வைத்து, பல்கனி பல்கனியாகப் பார்ப்பார். இரவுக்குள் அந்த வீட்டுக்குப் போன் போகும். "சம்பந்தி, ரெண்டு நாளாப் பிள்ளைக்குத் தண்ணி விடேல்லைப் போல." ஒரு சம்பந்தியம்மா பயத்தில் பல்கனிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒருநாள் நான் மறித்துச் சொன்னேன்.

"சம்பந்தி, உதைத் தூக்கிக்கொண்டு திரியாதையுங்கோ. யாழ்ப்பாணத்தில பிறந்தது எண்டு ஐடென்டிகார்ட்டில கிடக்கிற ஆள், ரோட்டில நிண்டு பைனாகுலர் பிடிச்சா என்ன நினைப்பாங்கள்?"

"என்ன நினைப்பாங்கள்? செடி பாக்கிறான் எண்டு நினைப்பாங்கள்."

யுத்தம் நடக்கிற நாட்டின் தலைநகரத்தில் இப்படி நம்பிக்கொண்டு ஒரு மனிதர் நடமாடினார். எனக்குக் கோபமும் வந்தது, கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலவும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் சந்தியில் நிற்கிற திறீவீல் ஓட்டோக்காரன் சுனில் ஓடிவந்து கீழே நின்று கூப்பிட்டான். சிங்களப் பையன்தான், ஆனால் எங்களோடு பழகிப் பழகித் தமிழ் வரும்.

"மஹத்தயா, சம்பந்திய ஜீப்பில ஏத்திட்டாங்க. கிருலப்பன பக்கம். பைனாகுலரும் எடுத்துட்டாங்க."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது மூன்றாம் தட்டுப் பல்கனியில் ஒரு சாடியை. அந்த பிளட்ஸுக்குப் பின்னால் யாரோ மிகப் பெரிய ஆள் ஒருவரின் வீடு இருந்திருக்கிறது. அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அப்படிப் பிடிபட்டவரைப் பொறுப்பெடுக்கச் சொந்தக்காரர் எவராவது அன்றைக்கே போனால், விட்டாலும் விடுவார்கள். எவரும் போகாவிட்டால் விசாரணைக்கென்று பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர் எப்போது வெளியே வருவார் என்று சாத்திரக்காரனாலும் சொல்ல முடியாது. சம்பந்திக்குச் சொந்தக்காரர் இல்லை. பொறுப்பெடுக்கப் போன ஆளையும் சேர்த்து உள்ளே வைத்த கதைகள் நிறையக் கேட்டிருந்தேன். சேர்ட் பொத்தானை மாறிப் பூட்டினேன். மனைவி வந்து கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டாள்.

"ஆருமில்லாத மனிசன். போங்கோ" என்றாள். "நான் அந்தோனி அண்ணைக்குப் போன் எடுக்கிறன்."

சுனிலின் திறீவீலில் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போனால், சுவரோர மரவாங்கில் எனக்கு முதலே ஒருவர் இருந்தார். இராசமணி மாமி. சுனில் போட்ட சத்தம் கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. நான் சேர்ட் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மாமி பஸ் ஏறிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தோனியும் வந்தார், கையில் செபமாலை. நாங்கள் மூவரும் ஒன்றும் கதைத்து வைத்துக்கொள்ளவில்லை. பயத்தில் அந்தப் புத்தி வரவில்லை. ஒவ்வொருவராக இன்ஸ்பெக்டரின் அறைக்குள் கூப்பிட்டார்கள்.

சந்தேக நபருக்கு நீ என்ன உறவு என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். ரோசாக் கன்று எடுத்த உறவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "சொந்தத் தம்பி" என்றேன்.

என்னை வெளியே விட்டு மாமியைக் கூப்பிட்டார்கள். மாமியின் சிங்களம் மரக்கறிக்கடைச் சிங்களம். அதில் விலை கேட்கலாம், குறைக்கச் சொல்லலாம், அழுகினதைத் திருப்பிக் கொடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு மாமி, "என்ர தம்பி, நல்ல சாமான், திருப்பித் தா" என்று வாதாடியது வெளியே கேட்டது. மூன்றாவதாகப் போன அந்தோனி, சரளமான சிங்களத்தில், அவர் தன் தங்கச்சியைக் கட்டியவர் என்று சொல்லியிருக்கிறார்.

பிறகு மூவரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார்கள். சம்பந்தியையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முழுக்கைச் சேர்ட் கசங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு திகைப்பு.

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கதைக்கிற மனிதர். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "இந்த ஆள் காலையிலிருந்து ஒரே கதைதான் சொல்கிறான். கலியாணம் கட்டவில்லை, கொழும்பில் தனக்கு ஒருவரும் இல்லை, ரோசா பார்த்தேன் என்கிறான். இப்போது பார்த்தால் ஒரு அக்கா இருக்கிறார், ஒரு தம்பி இருக்கிறான், ஒரு மச்சான் இருக்கிறான். அப்படியென்றால் மனைவி எங்கே?" அந்தோனி செபமாலையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீயும் இந்த அம்மாவும் கூடப்பிறந்தவர்களா?"

"ஓம்" என்றார் மாமி. அதே நேரத்தில் நான் "இல்லை" என்றேன்.

"காலையில் பைத்தியக்காரன் என்று நினைத்து விட்டுவிட இருந்தேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "இப்போதுதான் விளங்குகிறது, இது ஒரு கூட்டம்."

சம்பந்தி எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "உங்களை ஆர் வரச்சொன்னது? நான் உண்மையைச் சொல்லிப்போட்டுப் பேசாமல் இருந்தன். நல்லா வந்து பழுதாக்கிப்போட்டியள்."

அந்தோனிதான் துணிந்தார். உறவெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டு, ரோசாக் கதையை ஆதியோடந்தமாகச் சிங்களத்தில் சொன்னார். மாப்பிள்ளை வீடு பார்த்ததையும் விடவில்லை, மீன் தண்ணியையும் விடவில்லை, பைனாகுலரைத் தான்தான் வாங்கிக் கொடுத்தது என்பதையும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார்.

"புள்ளி விழாத ரோசாவா? கொழும்பிலா? அதைக் கொண்டுவந்து காட்டுங்கள். இல்லாவிட்டால் நாலு பேரையும் பெரிய இடத்துக்கு அனுப்பிவிடுகிறேன்."

மாமி சுனிலின் திறீவீலில் போய் மடியில் தன் வீட்டுச் சாடியோடு திரும்பி வந்தார். முதல்நாள் வெள்ளிக்கிழமை. இருந்தும் ஒரு பூக்கூடப் பறிபடவில்லை. மஞ்சள், செம்மஞ்சள், ரோஸ் என்று இன்ஸ்பெக்டரின் பழைய மேசை முழுக்க நிறமாகிவிட்டது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பூவைப் பார்க்கவில்லை. ஓர் இலையைப் பிடித்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். உடனே எனக்கு விளங்கிவிட்டது, இந்த மனிதரின் வீட்டிலும் ரோசா செத்திருக்கிறது.

"என்ன மருந்து அடிக்கிறாய்?"

"மருந்து இல்லை" என்றார் சம்பந்தி. புறக்கோட்டையில் பழகிய நல்ல சிங்களம். "பிறவியிலேயே சுகதேகி."

"எனக்கு ஒரு கன்று வேண்டும்."

நாங்கள் மூவரும் மூச்சு விட்டோம். வேறு எந்த மனிதனாக இருந்தாலும் பத்துக் கன்று தருகிறேன் ஐயா என்றிருப்பான். சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"வீடு எந்தப் பக்கம் பார்த்தது?"

இன்ஸ்பெக்டர் யோசிக்காமல், "கிழக்கு" என்றார்.

"உடுப்புக் கொடி?"

"பின்னுக்கு."

"உங்களுக்கு இடமாற்றம் வருமா?"

"வரும். பொலிஸ் வேலைதானே, எந்த நேரமும் வரும்."

"அப்படியென்றால் தர ஏலாது."

"குடுத்துத் துலையுங்கோ" என்று மாமி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சம்பந்தி அசையவில்லை.

"போகிற ஆட்களுக்கு நான் கொடுப்பதில்லை, ஐயா. இரண்டு பிள்ளை அப்படிச் செத்தது. போகும்போது எல்லாவற்றையும் கொண்டுபோவார்கள், செடியை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு வருத்தம் வராது. ஆனால் ஆள் வேண்டும்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "குருநாகல் பக்கம் எங்கள் ஊர். அம்மா அங்கே தனியாக இருக்கிறார். எத்தனை தரம் கூப்பிட்டும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார்."

"அப்படியென்றால் சரி" என்றார் சம்பந்தி. "வந்து பார்க்கிறேன்."

"நீ வந்து பார்ப்பதா?"

"பார்க்காமல் எப்படிப் பிள்ளையைத் தருவது?"

அப்போதுதான் அந்த மனிதர் முதன்முறையாகச் சிரித்தார். பைனாகுலரை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தார். "உண்மை சொன்னவன் வீட்டுக்குப் போகலாம். பொய் சொன்ன மூன்று பேரும் அவனுக்குப் பொறுப்பென்று கையெழுத்துப் போடுங்கள்."

போட்டோம். சம்பந்தி பிறகு சொன்னபடியே குருநாகலுக்குப் பஸ் ஏறிப் போனார், கிணற்றடி, வெயில் எல்லாம் பார்த்தார், திருப்திப்பட்டுப் பிள்ளையைக் கொடுத்தார். வருசப்பிறப்புக்கு அங்கிருந்து பலகாரம் வரும்.

ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அன்றைக்குத் திரும்பி வந்த பயணத்தைத்தான். அந்தோனி கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறிவிட்டார். சுனிலின் திறீவீலில் பின்னால் நாங்கள் மூவரும், மாமியின் மடியில் சாடி. சம்பந்தி ஒரு கையால் சாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாற வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு இதில ரெண்டு பூ பறிப்பன்" என்றார் மாமி, தெருவைப் பார்த்துக்கொண்டு.

"மஞ்சளிலேயே பறியுங்கோ" என்றார் சம்பந்தி.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் உள்ளுக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?"

"தம்பி எண்டு."

"சொந்தத் தம்பியோ?"

"ஓம்."

எங்கள் ஒழுங்கை தெரிந்தபோது, அதுவரை என்னை நீங்கள் என்றே கதைத்த மனிதர், தம்பியோடு கதைப்பதுபோல நீர் என்று இறங்கி, மெல்லச் சொன்னார்.

"அப்ப அதை மாத்தாதையும்."

எத்தனையோ வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலடியில் நின்ற என்னை, நீங்கள் இவருக்கு என்ன முறை என்று ஒரு நர்ஸ் கேட்டாள். நான் மாற்றவில்லை.